ஃபுல் லோடு

அத்தியாயம் 5

டில்லிபாபு பலவிதத் திருடர்களைப் பார்த்தவன். பைக்கைத் திருடுகிறவன், பைக்கை விட்டுவிட்டு அதிலிருந்து பெட்ரோலை மட்டும் உறிஞ்சுகிறவன், கோயில் வாசலில் பழைய செருப்பைக் கழற்றிவிட்டுப் புதியதில் காலை நுழைக்கிறவன். ஆனால் ஏ-ஃபோர் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புக்கு இரண்டு முறை அடிக்கோடு இட்டு, முழுத் திட்டத்தையும் லிஃப்டில் போட்டுவிட்டுப் போன திருடனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்திக்கிறான்.

"ஸ்கூல்ல ட்ராயிங் கிளாஸ்ல ஃபஸ்ட்டு வாங்கினவனா இருப்பான் யுவாம்மா. புடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கப்பு குடுத்துட்டுப் புடிக்கலாம்."

யுவராணி சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் அளவு சரிபார்த்தவள் அவள். ஒரு மயிரிழை கூடினாலும் பொருளைத் தூக்கி ஓரமாகப் போடுவதுதான் வேலை. அந்தக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சேக்காட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். வருவதில் முக்கால்வாசி கல்யாண விசாரிப்பு. மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் வாரத்துக்கு எத்தனை நாள். டில்லிபாபு அவளைவிட எட்டு வயது மூத்தவன்; இருபது வருஷம் தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டி, முதுகுத்தண்டு வேலை நிறுத்தம் செய்ததால் அவளிடம் உதவியாளன் ஆனவன்.

இருவரும் உட்கார்ந்திருந்தது அயனம்பாக்கத்தில், 'லேக் எமரால்டு' குடியிருப்பின் சங்க அறையில். நாற்பத்தெட்டு வீடுகள். ஏரி தெரியும் என்று சொல்லி விற்ற வீடுகள்தான். பிறகு அதே கட்டடக்காரர் இரண்டாம் கட்டத்தைக் கட்டி, அதை முதல் கட்டத்துக்கும் ஏரிக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

சங்கச் செயலாளர் மனோகரன் அறுபத்திரண்டு வயதுக்காரர். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. விஷயத்தை அவர் வரிசையாகச் சொன்னார். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் செவ்வாயும் வெள்ளியும் மதியம் மூன்று மணிக்கு ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்கிக் கீழே சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், ஊற்றுகிறார்கள். ஒரு லோடு பன்னிரண்டாயிரம் லிட்டர். ஐந்து வாரமாக, ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் மாயமாகிவிடுகிறது. பிறகு போர் மோட்டாரைப் போட்டுத்தான் சம்ப்பை நிரப்ப வேண்டியிருக்கிறது. யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். யார் என்பதும் தெரிந்துவிட்டது: மூன்றாம் மாடி, 3-சி, ஜெபா என்று ஒரு பெண். நாகர்கோவில்காரி, தனியாக வாடகைக்கு இருக்கிறாள். அவள் வீட்டில் பகலெல்லாம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்பதாகக் கீழ்வீட்டு மங்களம் மாமி புகார் கொடுத்திருக்கிறார். போன மாதம் அவளுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. மேலே 'பம்ப்' என்றே அச்சடித்திருந்தது. இப்போது லிஃப்டில் இந்தத் தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜெனரல் பாடி மீட்டிங். காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போடறோம். வீட்டு ஓனர் மஸ்கட்ல இருக்கார், சங்கம் சொன்னா சரின்னுட்டார். உங்க லெட்டர்ஹெட்ல ஒரு ரிப்போர்ட், கீழ சீல். அவ்வளவுதான் வேலை."

டில்லிபாபு தாளை எட்டிப் பார்த்தான்.

லூப் — ஃபைனல் பிளான்
ரிசர்வாயர்: பம்ப்புக்கு மேல இருக்கணும்
பம்ப்: சத்தம் வரக்கூடாது
ட்யூப்: 13 மி.மீ., மூணு மீட்டர்
டிரெயின் வால்வு: ஆகக் கீழ, வெளிய தெரியாம
லீக் டெஸ்ட்: 24 மணி நேரம்
ஃபுல் லோடு: ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டணும்
நல்ல தண்ணி வந்ததும் ஃபிளஷ் — செவ்வா / வெள்ளி

கடைசி இரண்டு வரியையும் மனோகரன் சிவப்பு மையால் மூன்று சுற்று சுற்றியிருந்தார். லூப் என்றால் லூப் லைன், அதாவது மெயின் லைனிலிருந்து பிரியும் கள்ள இணைப்பு என்று விளக்கமும் தந்தார். ஃபுல் லோடு என்றால் முழு டேங்கர். இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தையும் காலி செய்யத் திட்டம். டேங்கர் வரும் கிழமைகூடக் குறித்து வைத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவர் கேட்டபோது டில்லிபாபுவுக்கே சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

யுவராணி எழுந்து, லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று தாளை நீட்டினாள்.

"பாபுண்ணா, பிளம்பர் யாராச்சும் பைப்ப மில்லிமீட்டர்ல கேட்டுப் பாத்துக்கீறியா?"

டில்லிபாபு யோசித்தான். அரை இஞ்சு, முக்கால் இஞ்சு, ஒண்ணேகால் இஞ்சு. அவன் கண்ட பிளம்பர்கள் எல்லாருடைய வாயிலும் இஞ்சுதான்.

"பதிமூணு மில்லின்னா நம்ம கட்டவிரல் தடிமன்கூட இல்ல. அதுல பன்னெண்டாயிரம் லிட்டர உறிஞ்சி எங்க ஊத்துவா? வெறும் மூணு மீட்டர் ட்யூபு. மூணாவது மாடிலேர்ந்து எறக்கினா ரெண்டாவது மாடியே தாண்டாது." அவள் வரிகளுக்குப் பக்கத்தில் வரைந்திருந்த படத்தின்மேல் விரலை ஓட்டினாள். "அம்புக்குறிய பாரு. ரிசர்வாயர்ல கெளம்பி, பம்ப்பு, அப்பறம் ரெண்டு பொட்டி, அப்பறம் ரேடியேட்டர், கட்சீல எங்க வருது?"

விரல் ரிசர்வாயருக்கே வந்து நின்றது.

"எட்த்த எடத்துலயே திரும்ப ஊத்தறா" என்றான் டில்லிபாபு. "இன்னா ஒரு நேர்மையான திருடி."

3-சி கதவு அரையடி மட்டும் திறந்தது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது. இடுக்கில் தெரிந்த முகத்துக்கு இருபத்தேழு வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கமின்மை. பெட்டி கட்ட ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறதுதானே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டாள். யுவராணி அவள் தோளுக்குப் பின்னால் மேஜைமேல் இருந்த இரண்டு பெரிய திரைகளைப் பார்த்துவிட்டு, சங்கிலி வழியாகத் தாளை உள்ளே நீட்டி, அம்புக்குறியை மட்டும் காட்டி, "கம்ப்யூட்டரா?" என்றாள்.

சங்கிலி விலகியது.

அறை நடுவில், தரையில் விரித்த போர்வைமேல், பக்கவாட்டுக் கண்ணாடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. சுற்றிலும் வளைந்த ட்யூப், முஷ்டி அளவு பம்ப்பு, இரண்டு தட்டையான ரேடியேட்டர். ஜெபாவின் தொழில், கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் வீடியோ செய்து கொடுப்பது. பால்கனியில் நின்றால் ஏரி, ஏரிக்கு மேல் கொக்கு, கொக்குக்குப் பின்னால் சூரியன். அதைச் செய்யும்போது கம்ப்யூட்டர் தன் முழு பலத்தையும் போட்டு உழைக்கும். அப்படி உழைப்பதற்குத்தான் அவர்கள் வட்டாரத்தில் ஃபுல் லோடு என்று பெயர். சித்திரை வெயிலில் அது கொதித்து, விசிறிகள் மாவு மில் மாதிரி இரைந்து, கடைசியில் நின்றுபோகும். கீழ்வீட்டு மாமி கேட்ட மோட்டார் அந்த விசிறிதான். அந்தச் சத்தம் போகத்தான் தண்ணீர் வைத்துச் சூடு தணிக்கும் ஏற்பாட்டைத் தானே திட்டம் போட்டுச் செய்கிறாளாம்: தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பும்.

"மொத்தம் எவ்வளவு தண்ணி புடிக்கும்?" என்றாள் யுவராணி.

"எழுநூறு மில்லி. அதுவும் கடைல வாங்குன டிஸ்டில்டு வாட்டர்." ஜெபா ஜன்னலோரம் இருந்த பாட்டிலைக் காட்டினாள். சீல் உடைக்கவில்லை. "இதச் சொன்னா சாருக்க மண்டைல ஏறணுமே. எழுநூறு மில்லின்னா எத்தன லோடுன்னு கேக்காரு."

டில்லிபாபு வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. இந்த வீட்டுக்கு முன்னால் பதினான்கு வீடு பார்த்தாளாம். தனியாக இருக்கிற பெண்ணா, வீட்டிலிருந்தே வேலையா, அப்படி என்ன வேலை என்று பதினான்கு இடத்திலும் ஒரே மூன்று கேள்வி. இப்போது வெளியே போனால் பதினைந்தாவது இடத்தில் நான்காவது கேள்வியாகத் தண்ணீர்த் திருட்டும் சேர்ந்துவிடும். கையிலிருக்கும் வேலையைப் புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரோ குடல் உருவிக் கிடக்கிறது.

"சாமானெல்லாம் வந்தாச்சு. அப்பறம் ஏன் மாட்டல?" என்றாள் யுவராணி.

"ரேடியேட்டருக்க உள்ள பேக்டரி அழுக்கு இருக்கும். மாட்டுறதுக்கு முன்ன பக்கெட் பக்கெட்டா தண்ணி விட்டு அலசணும், அதுதான் ஃபிளஷ். கடைசி தடவதான் டிஸ்டில்டு. இங்க போர் தண்ணிய விட்டா உப்பு படிஞ்சிரும். அதான் டேங்கர் தண்ணி வாற நாளுக்காச்சுட்டிக் காத்திருக்கேன்."

"கேன் தண்ணி வாங்கிக் கழுவினா போச்சு" என்றான் டில்லிபாபு.

"எட்டு கேன் வேணும் அண்ணே. லிஃப்ட்ல எட்டு கேன் ஏத்தினா அதையும் நான் கடத்துனதா எழுதி ஒட்டிருவாங்க."

யுவராணி அவளைப் பார்க்கவில்லை. சுவரில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. செவ்வாய், வெள்ளிக் கட்டங்களில் மட்டும் பென்சிலால் எண்கள். மார்ச்சில் 410, 395, 420. பக்கத்தைப் புரட்டினாள். ஏப்ரல் முழுக்க 1640, 1655, 1630, 1660. என்ன கணக்கு என்று கேட்டதற்கு ஜெபா பேனா போன்ற ஒரு மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் முக்கிக் காட்டினாள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. நானூறு என்றால் டேங்கர் தண்ணீர், ஆயிரத்தறுநூறு என்றால் போர் தண்ணீர். மார்ச்சில் திட்டம் போடும்போதே எந்தக் கிழமை கழுவலாம் என்று பார்த்துக் குறித்ததாம். ரேடியேட்டர் வந்துசேர்ந்த வாரத்திலிருந்து ஒரு நாளும் நானூறு வரவில்லை. தன் ராசி அப்படி என்றாள்.

"ராசிதான்" என்றாள் யுவராணி. "ஆனா உன் ராசி இல்லம்மா." காலண்டரை ஆணியோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டாள்.

படி இறங்கும்போது டில்லிபாபு, திருடி உறிஞ்சுவதற்கு முன்பே நல்ல தண்ணீர் கொஞ்சமாவது குழாயில் வந்திருக்க வேண்டுமே என்று இழுத்தான். அதைத்தான் கேட்கப் போகிறோம் என்று சொல்லி அவள் கேட்டை நோக்கி நடந்தாள்.

வாட்ச்மேன் முனியன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டேங்கர் வருகிறதா என்று கேட்டால் வருகிறதே என்றார். செவ்வாய், வெள்ளி, மூன்று மணி, தவறுவதில்லை. ஆனால் ஐந்து வாரமாக அதை மனோகரன் சாரே நின்று பார்த்துக்கொள்கிறாராம். வயசான காலத்தில் நீ ஏன் வெயிலில் நிற்கிறாய், போய்ப் படு என்று அனுப்பிவிடுகிறாராம். தங்கமான மனுஷன்.

"முன்னெல்லாம் படுத்தாலும் தூங்க முடியாது அண்ணாத்தே" என்றார் முனியன், டில்லிபாபுவைப் பார்த்து. "லாரி வெளிய போறப்ப அதோ அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும் பாரு, தடதடதடன்னு ஒரு சத்தம். நெஞ்சே தூக்கிப் போடும். இப்ப அது இல்ல. வர்றதும் தெரியல, போறதும் தெரியல. டிரைவரு நல்லவன், பூ மாதிரி ஓட்டிக்கினு போறான்."

டில்லிபாபு கேட்டுக்கு வெளியே இருந்த ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தான். முழங்கால் உயரம். வேக எல்லை தாண்டிப் போகிறவர்களுக்குச் சங்கம் வைத்த நினைவுச்சின்னம். அவன் முதுகுத்தண்டில் ஒரு பழைய வலி எழுந்து உட்கார்ந்தது.

"யுவாம்மா" என்றான். குரலில் கிண்டல் இல்லை. "இருவது வர்சம் ஓட்டிகீறேன். இந்த மேட்டுல காலி டேங்கர எமனே ஓட்டினாலும் தடதடன்னுதான் போவும். வெறும் தகர டப்பா அது. சத்தமில்லாம மெத்துனு ஏறி எறங்கணும்னா உள்ள தண்ணி ரொம்பிகினு இருக்கணும்."

"அதாவது?"

"உள்ள வர்றப்பவும் ஃபுல் லோடு. வெளிய போறப்பவும் ஃபுல் லோடு."

யுவராணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சம்ப்பிலிருந்து ஒருவரும் ஒரு சொட்டுகூடத் திருடவில்லை. திருடுவதற்கு அங்கே எதுவும் வரவே இல்லை. வராத தண்ணீருக்குத்தான் ஒரு திருடி தேவைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு முத்திரை குத்தத்தான் கல்யாண விசாரிப்பு செய்கிற கம்பெனியாகப் பார்த்து மனோகரன் கூப்பிட்டிருக்கிறார்.

முனியனின் அறைச் சுவரில் கரியால் டேங்கர் டிரைவர் சம்பத்தின் எண் எழுதியிருந்தது. டில்லிபாபு போனில் குரலை ஒரு படி இறக்கிக்கொண்டு, லேக் எமரால்டிலிருந்து பேசுவதாகவும் சார் இன்றைக்கு ஸ்பெஷலாக ஒரு லோடு கேட்பதாகவும் சொன்னான்.

"வயக்கமா எறக்கற எடம்தானே?" என்றது போன். "முத்தாபுதுப்பேட்டைல, சார் கட்டிகினு கீற ஊட்டாண்ட? தளம் போட்டு இருவது நாளாச்சே, இன்னுமா நனைக்கிறாங்கோ?"

"அங்க வாணாம் நைனா. இன்னிக்கி இங்கியே எறக்கிடு. அஞ்சு மணிக்கு. சம்ப்புல."

 போன் சந்தேகத்தோடு கேட்டது: "அங்க எதுக்குப்பா தண்ணி?"

ஐந்து மணிக்குச் சங்க அறை கொள்ளாமல், கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. முன்வரிசையில் மங்களம் மாமி. பின்னால் ஒரு தூணோரம் ஜெபா, கையில் அந்த மீட்டர். மனோகரன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தொழில்முறை நிறுவனமே விசாரித்திருக்கிறது, நாம் யாரையும் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லவில்லை என்று ஆரம்பித்து யுவராணியிடம் கொடுத்தார்.

"நீங்க கேட்ட மாதிரியே லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வெச்சிருக்கேன் சார்" என்றாள் அவள். "நீங்க குடுத்த தாளும் முக்கியமான சாட்சி. அதுல கடைசி வரியிலதான் திருட்டு இருக்கு. நல்ல தண்ணி வந்ததும், செவ்வா, வெள்ளி."

நாற்பத்தெட்டு வீட்டுத் தலைகளும் தூணின் பக்கம் திரும்பின. ஜெபாவின் கை மீட்டரை இறுக்கிக்கொண்டது.

"வந்ததும்னு எழுதியிருக்கா. அஞ்சு வாரமா வரவே இல்ல."

காலண்டரைத் தூக்கிப் பிடித்து, எண் என்ன, எப்போது மாறியது என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். அஞ்சு வாரமாக முடி கொட்டுகிறதே என்று மங்களம் மாமி தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனோகரன் அசரவில்லை. குற்றம் செய்தவளே பென்சிலில் எழுதிய எண்ணை எவன் நம்புவான் என்றும், டேங்கர் வந்ததற்குத் தானே கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் சொன்னார். வந்ததை யாரும் இல்லையென்று சொல்லவில்லை என்றாள் யுவராணி.

அதற்குள் கேட்டில் ஹார்ன் அடித்தது. டேங்கர் ஸ்பீடு பிரேக்கரில் மெத்தென்று ஏறி இறங்கி உள்ளே வந்து நின்றது. சம்பத் ஜன்னலில் தலையை நீட்டி, அத்தனை கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டு, தெரிந்த ஒரே முகத்தைத் தேடிப் பிடித்தான்.

"சார், இங்க எறக்கச் சொன்னீங்களாமே. அப்போ முத்தாபுதுப்பேட்ட ஊட்டுக்கு வாணாமா? இல்ல அங்க நாளிக்கி வரட்டுமா?"

மனோகரன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி வைத்தார். மைக் மட்டும் அவர் மூச்சை நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது, பெயர் மட்டும் மாறியது. புதுச் செயலாளர் யார் என்று கேட்டதும் பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர் விஷயத்தை இனிமேல் அந்த 3-சி பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும், அவளிடம் கருவி இருக்கிறது என்றார் மங்களம் மாமி. காலையில் அவள் வெளியேற வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவர். மஸ்கட்டிலிருந்து வீட்டு ஓனர் போன் செய்து, தான் எப்போதுமே ஜெபா பக்கம்தான் என்றார்.  ஜெபா சம்ப்பில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் ஒரு மக் மொண்டு மீட்டரை முக்கினாள்.

405.

அவள் அங்கேயே மக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் அழுத மாதிரி இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு பக்கெட்டை எடுத்து வர மாடிக்கு ஓடினாள்.

"நம்மளக் கூப்ட்டவரையே மாட்டி வுட்டோம்" என்றான் டில்லிபாபு. "கம்பெனி நல்லா வெளங்கும் யுவாம்மா."

கடைசிச் சொட்டும் இறங்கியது. சம்பத் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். கேட்டைத் தாண்டி, முழங்கால் உயர மேட்டில் முன்சக்கரம் ஏறியது.

தடதடதடவென்று அந்தத் தெருவே அதிர்ந்தது. எந்த அமளிக்கும் எழாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த முனியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். போகிற லாரியைப் பார்த்தார். பிறகு டில்லிபாபுவை, வாழ்க்கையைக் கெடுத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பூ மாதிரி ஓட்டிகினு இருந்தானே அண்ணாத்தே. அவன இன்னா பண்ணீங்க?"